72 வோல்ட்டுக்கு முன்னால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்

மின்சார டர்ட் பைக் வைத்திருக்கும் பையன்கள் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, 60 வோல்ட் பேட்டரியை எடுத்துட்டு 72 போட்டுத் தர முடியுமா?" முடியும். ஆனால் நான் திருப்பிக் கேட்பது வேறு: "உங்க எடை எவ்வளவு தம்பி?"

சர்ரான் லைட் பீ மாதிரியான வண்டி பேட்டரியோடு சேர்ந்தும் 60 கிலோவுக்குள்தான் வரும். பெரும்பாலும் ஓட்டுபவர்தான் வண்டியை விடக் கனம். பெட்ரோல் பைக்கில் ஓட்டுபவரின் எடை 20 கிலோ கூடினாலும் பெரிதாகத் தெரியாது. இங்கே அதே 20 கிலோவில் வண்டியின் குணமே மாறிவிடும். 65 கிலோ ஆளுக்குப் பொருந்தும் ஸ்பிரிங் 90 கிலோ ஆளுக்குப் பாதி வழியிலேயே அமுங்கி உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் ஒரு பள்ளம் வந்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அடித்தட்டில் போய் இடிக்கும். அந்த அடி நேராக மணிக்கட்டுக்கு வரும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். வண்டியைத் தூக்கி முன் சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது ஃபோர்க்கின் வெளியே தெரியும் குழாயை அளந்துகொள்ளுங்கள். பிறகு கீழே இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறி, வழக்கமாக ஓட்டும் நிலையில் இருங்கள். இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி உட்காரும் அளவு. மொத்த அசைவு 200 மில்லிமீட்டர் என்றால் 60 முதல் 65 வரை உட்கார்ந்தால் சரி. 90 உட்கார்ந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. பின் ஷாக்குக்கும் இதே கணக்குதான். அங்கே சக்கர அச்சிலிருந்து நேர் மேலே சீட்டின் ஒரு புள்ளிவரை அளக்க வேண்டும்.

பலர் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பிரீலோட் வளையத்தை இறுக்கிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, வண்டியை உயர்த்தி மட்டும் வைக்கும். பள்ளத்தில் இறங்கும்போது பழைய ஸ்பிரிங் பழைய மாதிரியேதான் அமுங்கும். எடைக்கேற்ற ஸ்பிரிங், புதிய ஃபோர்க் ஆயில், அப்புறம் அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்று வைக்கும் ரீபவுண்ட் திருகை உங்களுக்கு ஏற்றபடி வைப்பது. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு நல்ல பேட்டரி பேக்கின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வேகம் கூடினால் அடி எவ்வளவு கூடும் என்பதையும் யோசிக்க வேண்டும். மணிக்கு 75 கிலோமீட்டரில் போகும் வண்டியை 100க்குக் கொண்டுபோனால், ஃபோர்க்கும் பிரேக்கும் தாங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிறது. ஃபோர்க் மட்டும் அதே பழைய ஃபோர்க். அதனால்தான் எங்களிடம் ஷாக், பிரேக் முடிந்த பிறகே பேட்டரி.

சரி, பேட்டரிக்கு வருவோம். இங்கேதான் எனக்கு உண்மையான பயம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பேக் வந்தது. மேலே 72 வோல்ட், கொள்ளளவு 40 ஆம்பியர்-அவர் என்று ஸ்டிக்கர். எங்கிருந்தோ மலிவாக வாங்கியது. "முறுக்கினா ரெண்டு நிமிஷத்துல கட் ஆகுது" என்றார் கொண்டுவந்தவர். திறந்து பார்த்தேன். 20 வரிசை, ஒவ்வொன்றிலும் பக்கம்பக்கமாக (பேரலலாக) இணைத்த 8 செல். செல் ஒவ்வொன்றும் 5 ஆம்பியர்-அவர். ஆக, ஸ்டிக்கரில் பொய் இல்லை. ஆனால் அந்த ரக செல்லிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடியது 10 ஆம்பியர்தான். எட்டுக்கும் சேர்த்து 80. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்ப அவர் போட்டிருந்த கன்ட்ரோலரோ 200 ஆம்பியர் இழுக்கும். ஒரு செல்லுக்கு 25. கட் ஆனது பிஎம்எஸ், அதாவது பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட், நல்லபடியாக வேலை செய்ததால்தான். அதற்கு முன் வேறு ஒருவர் "பிஎம்எஸ்ஸை பைபாஸ் பண்ணிடலாம்" என்று சொன்னாராம். பண்ணியிருந்தால் அந்த நிக்கல் பட்டைகள் சிவந்திருக்கும். நடுவில் இருந்த காப்புக் காகிதம் ஏற்கெனவே பழுப்பேறி இருந்தது.

பேக் வாங்கும்போது எத்தனை ஆம்பியர்-அவர் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த செல், எத்தனை பேரலல், ஒரு செல் தொடர்ந்து எவ்வளவு தரும் என்று கேளுங்கள். மோலிசெல் பி42ஏ போன்ற 21700 அளவு செல் 4.2 ஆம்பியர்-அவர்தான், ஆனால் 45 ஆம்பியர் வரை தரக்கூடியது. கொள்ளளவு கொஞ்சம் குறைவு, மூச்சு அதிகம். டர்ட் பைக்குக்கு அந்த மூச்சுதான் தேவை. விற்பவரால் செல்லின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வோல்ட்டை மாற்றினால் மற்றதும் மாற வேண்டும். 60 வோல்ட் பேக் முழுதாக ஏறினால் 67.2, 72 வோல்ட் பேக் 84. குறைந்த வோல்ட்டுக்கென்று செய்த கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அந்த 84ஐத் தாங்காது. லைட்டுக்காக வோல்ட்டைக் குறைக்கும் கன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும். சார்ஜர்தான் மிக முக்கியம். இரண்டு பேக் வைத்திருக்கும் வீட்டில் 84 வோல்ட் சார்ஜரை 60 வோல்ட் பேக்கில் மாட்டுவதற்கு ஒரு தூக்கக் கலக்கம் போதும். இரண்டுக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத கனெக்டர் போடுங்கள். நான் எந்த பேக்கையும் இதைச் செய்யாமல் வெளியே அனுப்புவதில்லை.

மலையில் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. உச்சியில் முழு சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால், ரீஜென் பிரேக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரம் உண்டாக்குவது) திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. பிஎம்எஸ் துண்டித்துவிட்டால், பிடித்துக்கொண்டிருந்த மோட்டார் பிரேக் சட்டென்று விட்டுவிடும், வளைவில்கூட. இறக்கத்தில் தொடங்குவதாக இருந்தால் 85 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லை ஏற்றக் கூடாது. மாடிப்படிக்குக் கீழேயும் வாசற்கதவுக்குப் பக்கத்திலும் வேண்டாம். தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓடவேண்டிய வழி அது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவு இல்லாத டர்ட் பைக்கைத் தனியார் தோட்டத்திலோ டிராக்கிலோதான் ஓட்ட முடியும். பதிவுள்ள மின்சார வண்டியில் இந்த மாதிரி மாற்றங்கள் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த வண்டிகளை நான் தொடுவதில்லை.

அந்த ஸ்டிக்கர் பேக் பையன் இப்போது பழைய 60 வோல்ட்டோடுதான் ஓட்டுகிறார். அவருக்கு 94 கிலோ. முன்னும் பின்னும் ஸ்பிரிங் மாற்றினோம். புது பேக்குக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அது 4 கிலோ கூடுதலாக இருக்கும், அதனால் போட்டதும் மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும். வரும்போது பூட்ஸையும் கவசத்தையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.