கடலில் நிற்கும் காளையும் கன்றும்

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில், லல்வொர்த் குடாவில் தொடங்கி டர்டில் டோர் என்ற கல் வளைவு வரை ஒரு நடைபாதை போகிறது. சுமார் 2 கிலோமீட்டர்தான். 1,014 கிலோமீட்டர் நீளும் தென்மேற்குக் கரைப்பாதையில் இது ஒரு சின்னத் துண்டு. 'எளிய நடை' என்று சொல்லி அனுப்புவார்கள். நம்பிப் போனால் முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும். ஆனால் கயிறோ கைப்பிடியோ தேவையில்லை. குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் நின்று நின்று ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மணற்கரையையே பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கரை ஒரு புதிர். நம் ஊரில் கடலும் நிலமும் எங்கே பிரிகின்றன என்று கோடு போட முடியாது. அங்கே நிலம் கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. அந்த வெட்டிலும் ஓரிடத்தில் வட்டமாக ஒரு குடா, கொஞ்சம் தள்ளிக் கல்லில் ஒரு வாசல், அதையும் தாண்டினால் நேர்ச்சுவராக ஒரு வெள்ளைப் பாறை. ஒரே கடல், ஒரே அலை. பிறகு ஏன் இடத்துக்கு இடம் இப்படி வேறு வேறு வடிவம்?

பதில் பாறைகள் நிற்கும் வரிசையில் இருக்கிறது. இங்கே கடலிலிருந்து உள்நிலம் நோக்கி நடந்தால் ஐந்து வகைப் பாறைகளைத் தாண்ட வேண்டும். முதலில் போர்ட்லேண்ட் சுண்ணாம்புக்கல். இரும்பு மாதிரி கெட்டி. லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியது இந்த வகைக் கல்லில்தான். அதற்குப் பின்னால் பர்பெக் அடுக்குகள்: மெல்லிய சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி வரும். மூன்றாவது வீல்டன் களிமண்ணும் மணலும். நகத்தால் கீறினாலே பெயர்ந்து வரும். நான்காவது பச்சை மணற்பாறை. கடைசியில் சாக் எனப்படும் வெள்ளைச் சுண்ணப் பாறை. முதல் பாறைக்கு வயது கிட்டத்தட்ட 15 கோடி ஆண்டு. சாக் படியத் தொடங்கியது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்.

இவையெல்லாம் கடலடியிலும் சதுப்பிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கையாகப் படிந்தவை. படுத்திருந்தவை எழுந்து நின்றது எப்படி? சுவரோரம் விரித்த கோரைப்பாயை மறுமுனையிலிருந்து காலால் தள்ளிப் பாருங்கள். நடுவில் பாய் மடங்கி எழும்பும். ஆப்பிரிக்க நிலத்தட்டு ஐரோப்பாவை முட்டித் தள்ளியபோது ஆல்ப்ஸ் மலை எழும்பியது. அந்தத் தள்ளலின் கடைசி அதிர்வு டார்செட்டையும் எட்டி, படுக்கையாகக் கிடந்த அடுக்குகளை ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்த்திவிட்டது. குடாவுக்குப் பக்கத்திலேயே ஸ்டேர் ஹோல் என்ற பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் பாய் மடிந்ததை அப்படியே கண்ணால் காணலாம். பர்பெக் அடுக்குகள் கசங்கிய துணிபோல் சுருண்டு கிடக்கின்றன. புவியியல் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டிருப்பது இந்தச் சுருக்கத்தைத்தான்.

நிமிர்ந்து நிற்பதால் ஒவ்வொரு பாறையும் இங்கே குறுகிய பட்டைதான். கோட்டைக்குக் கருங்கல் மதில், மதிலுக்குப் பின்னால் மண் மேடு, மண் மேட்டுக்குப் பின்னால் இன்னொரு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மதிலை உடைக்கத்தான் பாடுபட வேண்டும். உடைத்துவிட்டால் உள்ளே சாப்பாடு தயார்.

மதிலை உடைப்பது அலையின் எடை மட்டுமல்ல. பாறையில் ஒரு விரிசல் இருந்தால் அலை மோதும்போது அதற்குள் காற்று அடைபட்டு நசுங்கும். அலை பின்வாங்கும்போது சட்டென்று விரியும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நெம்பினால் விரிசல் குகையாகும். கூடவே கூழாங்கற்கள். சாக் பாறைக்குள் தீக்கல் கட்டிகள் நிறைய உண்டு. சாக் கரைந்து போனாலும் அவை கரைவதில்லை. கரையில் குவிந்து கிடக்கும் அந்தக் கற்களை எடுத்து அலை மதில்மேல் வீசுகிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. இங்கே அடிப்பதற்கான கல்லையும் கரையே கடலுக்குக் கொடுக்கிறது.

ஸ்டேர் ஹோலில் கடல் மதிலைத் துளைத்து உள்ளே நுழைந்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லில் வளைவுகளும் ஓட்டைகளும் தெரிகின்றன. உள்ளே களிமண் சரிந்து சரிந்து விழுகிறது. இது குழந்தைப் பருவம். ஐந்து நிமிடம் கிழக்கே நடந்தால் லல்வொர்த் குடா. அங்கே வேலை வெகுதூரம் முன்னேறிவிட்டது. அந்தக் குடாவில் மதிலை உடைத்தது கடல் மட்டுமல்ல. வடக்கிலிருந்து வந்த ஓடை ஒன்றும் உதவியிருக்கிறது. கிராமத்தின் வழியே அந்த ஓடை இன்றும் குடாவில் வந்து சேர்கிறது. ஆகவே ஸ்டேர் ஹோல் வளர்ந்தால் அச்சு அசலாக லல்வொர்த் ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. போகும் திசை அதுதான்.

குடா ஏன் வட்டம்? ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் குறுகிய வாயில் வெளிவந்ததும் விசிறியாக விரியும் அல்லவா? அலையும் அப்படித்தான். குறுகிய வாசல் வழியாக நேராக உள்ளே வரும் அலை, வாசலைத் தாண்டியதும் அரைவட்டமாக வளைந்து எல்லாப் பக்கமும் பரவுகிறது. களிமண் இருபுறமும் அரிபட்டுக்கொண்டே போகும். நேர் எதிரே சாக் பாறை தடுத்து நிறுத்தும். சாக் களிமண்ணைவிடக் கெட்டி. போர்ட்லேண்ட் கல் அளவுக்கு இல்லை. முன்னே போக வழி குறைந்த கடல் பக்கவாட்டில் குடைகிறது. மேட்டில் நின்று பார்த்தால் தெரியும் அந்தச் சிப்பி வடிவம் இப்படி வந்தது.

குடாவை விட்டு மேற்கே ஏறினால் காலடியில் பாதையே வெள்ளை. மழை பெய்த மறுநாள் போனால், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு மாதிரி ஒரு பசை செருப்பில் ஒட்டிக்கொள்ளும், வழுக்கும். அது ஒரு காலத்தில் உயிர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத நுண்பாசிகளின் ஓடுகள் கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகியதுதான் சாக். (பள்ளிக்கூட சாக்பீஸுக்குப் பெயர் கொடுத்தது இந்தக் கல். நம் கையில் இருக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். பெயர் மட்டும் கடன்.) அந்த யுகத்துக்கே சாக்கை வைத்துத்தான் 'கிரிடேசியஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதே யுகத்தின் கடல் அரியலூரிலும் இருந்தது. அங்கே சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லும், அதில் சுருள் சங்குபோல் கிடைக்கும் அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் கற்படிவங்களும் அந்தக் கடல் விட்டுச்சென்றவை.

பாதையின் வலப்பக்கம் பார்த்தால் அலையலையாகப் புல்மேடு. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து ஒட்ட வெட்டிய புல். மேடுகளுக்கு நடுவே பள்ளத்தாக்குகள். எதிலும் ஆறு இல்லை, ஓடை இல்லை. மழைத் தண்ணீரை சாக் உறிஞ்சிவிடும். அப்படியானால் பள்ளத்தாக்கை வெட்டியது யார்? பனியுகத்தில் பனிப்பாளம் டார்செட் வரை வரவில்லை. ஆனால் குளிரில் நிலம் ஆழம் வரை உறைந்து கிடந்தது. உறைந்த சாக்கில் தண்ணீர் இறங்காது. கோடையில் உருகிய பனி வேறு வழியில்லாமல் மேலேயே ஓடிப் பள்ளம் தோண்டியது. குளிர் போனதும் சாக் மறுபடி உறிஞ்சத் தொடங்கியது. தண்ணீர் மறைந்து பள்ளத்தாக்கு மட்டும் மிஞ்சியது. டர்டில் டோருக்கு மேற்கே ஸ்க்ராட்சி பாட்டம் என்ற பள்ளத்தாக்கு கடலுக்கு இறங்கி வராமல் பாறை உச்சியிலேயே பாதியில் நின்றுவிடுகிறது. அதன் மீதியைக் கடல் தின்றுவிட்டது. பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இங்கிலீஷ் கால்வாய் அப்போது வெறும் தரை. அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் அந்தத் தரையை நோக்கித்தான் ஓடியிருக்கும்.

இனி இறக்கம். இடது கைப்பக்கம் கீழே செயின்ட் ஆஸ்வால்ட் குடாவும் அதன் மூலையில் மேன் ஓ வார் குடாவும் தெரியும். இங்கே மதில் அநேகமாகப் போய்விட்டது. பக்கத்துப் பக்கத்துக் குடாக்கள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட, கடல் நேராக சாக்கையே அடிக்கிறது. மதிலின் எச்சமாகத் தண்ணீரில் வரிசையாகச் சில கல் முதுகுகள். டர்டில் டோரைச் சுற்றியுள்ளவற்றுக்கு ஊர்க்காரர்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள்: காளை, குருட்டுப் பசு, பசு, கன்று. வேடிக்கைப் பெயர்கள்தான். ஆனால் அவற்றை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள், இடிந்த மதில் முன்பு எங்கே ஓடியது என்று தெரிந்துவிடும். எனக்கு டர்டில் டோரைவிட இந்த மந்தைதான் பிடிக்கும்.

இந்த ஓரத்தில் பாதை பாறை விளிம்பை விட்டு விலகிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. 2013 வசந்தத்தில் செயின்ட் ஆஸ்வால்ட் குடாவுக்கு மேலே சாக் சரிந்து நடைபாதையின் ஒரு துண்டையும் இழுத்துக்கொண்டு போனது. சாக் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அடியில் அலை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சரியும். விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

டர்டில் டோர், மதிலில் இன்னும் விழாமல் நிற்கும் ஒரு துண்டு. 'டர்டில்' என்பது துளைப்பதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. வாசலின் கூரையை அலை கீழிருந்து தொட முடியாது; இரண்டு கால்களையும் அரிக்கிறது. கால் மெலிந்தால் கூரை தானாக விழும். கடலுக்குள் ஒரு தனிக் கல் தூண் நிற்கும். மந்தையில் இன்னொரு மாடு.

வளைவுக்கு எதிரே கூழாங்கல் கரையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் பேட்ஸ் ஹெட் என்ற வெள்ளை முனை. அதன் அடியில், தண்ணீர் தொடும் இடத்தில், ஊசிக்காது அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. உற்றுப் பார்த்தால் அது ஓட்டை; மறுபக்கத்துக் கடல் தெரிகிறது.