அமானுஷ்யம்: மனிதர் அல்லாதது எது?

பேய் என்று சொன்னால் பாட்டி கதை போல இருக்கிறது. அமானுஷ்யம் என்று சொன்னால் ஏதோ ஆராய்ச்சி போல இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சொல் இன்று இவ்வளவு புழங்குகிறது என்று நினைக்கிறேன். பாழடைந்த பங்களா, கொலை நடந்த வீடு, பூட்டிக் கிடக்கும் ஆஸ்பத்திரிக் கட்டடம் என்று எதைப் பற்றிய காணொளியாக இருந்தாலும் தலைப்பில் ‘அமானுஷ்யம்’ ஏறிவிடுகிறது. அமானுஷ்ய சக்தி, அமானுஷ்ய அனுபவம், அமானுஷ்யக் கதைகள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது.

இது வடசொல். மானுஷ என்றால் மனிதருக்கு உரியது. மனுவின் வழி வந்தது என்பது அதன் அடி. முன்னால் எதிர்மறை ‘அ’ சேர்ந்து அமானுஷ: மனிதருக்கு உரியதல்லாதது. அமானுஷ்யம், அமானுஷம், அமானுஷிகம் எல்லாம் இதன் கிளைகள். வடமொழியில் இது அச்சம் தரும் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தேவர்களின் செயலும் அமானுஷம்தான், மனிதரால் முடியாத வீரமும் அமானுஷம்தான். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘அமனுஸ்ஸ’ என்று வரும். யட்சர் முதலான, மனிதரல்லாத உயிர்களைக் குறிக்கும். வைசாலி நகரத்தைப் பஞ்சம், நோய், அமனுஸ்ஸர் என்ற மூன்று அச்சங்கள் பிடித்தபோதுதான் ‘ரதன சுத்த’ என்ற காப்புப் பாடல் ஓதப்பட்டது என்பது பௌத்த மரபு. மலையாளத்தில் அமானுஷிகம் என்றால் இன்றைக்கும் ‘மனித சக்திக்கு மீறிய’ என்ற பெருமைப் பொருள் உண்டு. தமிழில் நாம் அந்தப் பெருமையையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, பேயை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆக, அமானுஷ்யம் என்ற சொல் ஒரு பொருளை ‘அது மனிதன் இல்லை’ என்று மட்டும் சொல்கிறது. என்ன என்று சொல்வதில்லை. நம் ஊர்ப் பேய்க்கதைகளை எடுத்துக்கொண்டால் அந்த ‘மனிதன் இல்லை’ கூடப் பொருந்துவதில்லை.

பழையனூர் நீலியைப் பாருங்கள். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்க் கதை இது. கணவனால் கொல்லப்பட்ட பெண், அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பழிவாங்கத் துரத்துகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர், என்னை விட்டு ஓடுகிறார்’ என்று ஊர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். ஊர் நம்பிவிடுகிறது. வணிகனிடம் இருந்த காப்புக் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, ‘உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று சொல்லி இருவரையும் ஒரே வீட்டில் விடுகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீக்குளித்தார்கள் என்பது கதை. ‘நீலிக் கண்ணீர்’ இங்கிருந்து வந்ததுதான்.

கதை பழையது. 7-ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்தில் ‘வஞ்சப் படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்’ என்று பாடியிருக்கிறார். நீலகேசி என்ற சமணக் காப்பியம் இந்தப் பேயைச் சமண முனிவர் ஒருவரிடம் பாடம் கேட்க வைத்து, பிற சமயத்தாரை வாதில் வெல்லும் அறிஞராகவே மாற்றிவிட்டது. தெற்கே போனால் நீலியின் கதை இசக்கி அம்மனோடு பின்னிக் கிடக்கிறது. முப்பந்தலில் அவளுக்குக் கோயில்.

இந்தக் கதையில் எது அமானுஷ்யம்? தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு கொலை இருக்கிறது. இசக்கி, மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் என்று வரிசையாக எடுத்தாலும் இதே கதைதான். முத்துப்பட்டன் ஆடுமாடு காக்கப் போய்க் கள்வர் கையில் செத்தவன். அவன் மனைவியர் பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோடு தீயில் இறங்கினார்கள். இன்று பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். இவர்களெல்லாம் மனிதராக இருந்து, அதிலும் அநியாயமாகச் செத்து, அதனாலேயே அச்சம் தருபவர்களாக ஆனவர்கள். இவர்களை ‘மனிதர் அல்லாதது’ என்ற பெயரில் அடைப்பது எனக்கு உறுத்துகிறது.

பழந்தமிழ் இந்த இடத்துக்கு வைத்திருந்த சொல் அணங்கு.

அணங்குதல் என்றால் வருத்துதல். கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா, மனிதனா இல்லையா என்ற கேள்வியே இந்தச் சொல்லில் இல்லை. உன்னை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. மலைக்கு அணங்கு உண்டு, சுனைக்கு உண்டு, கடலுக்கு உண்டு. அகநானூற்று 22-ஆம் பாட்டு ‘அணங்குடை நெடுவரை’ என்றுதான் தொடங்கும். தலைவி காதலால் மெலிகிறாள்; தாய் அது முருகனின் அணங்கு என்று நினைத்து முருகனின் பூசாரியான வேலனை அழைத்து, சாமியாடி நோய் தீர்க்கும் வெறியாட்டு எடுக்கிறாள். பாட்டின் சுவையே அந்தத் தப்புக் கணக்கில்தான் இருக்கிறது. பேயோட்டும் வீட்டுக்குள் நடக்கும் நாடகத்தை அந்தக் காலத்துப் புலவர் இவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார். பாடியவரின் பெயரே வெறிபாடிய காமக்கண்ணியார்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவர். பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை அந்த அணங்கில் பேயையும் பூதத்தையும் சேர்ப்பதோடு இடியையும் சேர்க்கிறது. எனக்கு இந்த நூற்பாவில் பிடித்தது அந்த வரிசை. பேயும் கொலைகாரக் கள்வனும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் வேறு வேறு இடத்தில். இன்றைய தலைப்புகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. மனித இரக்கமே இல்லாமல் செய்த கொலையை ‘அமானுஷ்யக் கொலை’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது மனிதத்தன்மையற்ற கொலை, பேய் செய்ததல்ல. 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கில் தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டிக்குள் ரயிலேறி மானாமதுரை வரை வந்தது. கேட்டவர் குலைநடுங்கினார்கள். அதில் அணங்கு இல்லை, கள்வர் அச்சம்தான்.

கொலை என்றதும் கூடவே வரும் ‘மர்மம்’ பற்றியும் ஒரு வார்த்தை. வடமொழியில் மர்மன் என்றால் உடலில் அடிபட்டால் உயிர் போகும் இடம். தெற்கத்தி ஆசான்கள் சொல்லும் வர்மமும் இதே சொல்தான். உள்ளே மறைந்திருக்கும் இடம் என்பதால் ரகசியம் என்ற பொருள் ஏறியது. 1944-இல் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்று, 1947-இல் விடுதலையானார்கள். ‘அப்படியானால் கொன்றது யார்’ என்ற கேள்வி நின்றுபோனது. அதை மர்மக் கொலை என்று சொல்லும்போது, நம்மை அறியாமலே உயிர்நிலையில் குத்திய கொலை என்றும் சொல்லிவிடுகிறோம்.

சரி, பேய் என்ற சொல்லுக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. ‘பேம் நாம் உரும்என வரூஉம் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள’ என்பது தொல்காப்பிய உரியியல். பேம் என்றாலே அச்சம். பேயும் அந்தக் குடும்பம்தான் என்று கொள்ளலாம். திருமுருகாற்றுப்படையில் வரும் ‘உலறிய கதுப்பின் பிறழ்பல் பேழ்வாய்’ப் பேய்மகளைப் படித்தவர்கள், பேய் என்பது பாட்டி கதைச் சொல் என்று சொல்ல மாட்டார்கள். அலகை, கழுது, கூளி எல்லாம் பேய்க்குப் பழைய பெயர்கள். உலகத்தார் உண்டென்பதை இல்லையென்பவனை வள்ளுவர் அலகை என்கிறார். பேய் இல்லை என்று வாதாடுபவர்களைச் சீண்ட இந்தக் குறளைப் பயன்படுத்தலாம், ஆனால் அவர் சொன்னது வேறு. பிசாசு வடமொழி ‘பிசாச’. ஆவி நம் சொல்தான், மூச்சுக்கும் இட்லிப் பானைக்கும் பொதுவானது.

அணங்கை அப்படியே திரும்பக் கொண்டுவர முடியுமா என்றால், சிரமம். குறளிலேயே அதன் பயணம் தெரிகிறது. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று அழகியைக் கண்டு திகைக்கிறான் ஒருவன். அடுத்த குறளில் அவள் பார்வை ‘தாக்கணங்கு’ ஆகிறது. வருத்தும் சக்தி, வருத்தும் அழகு ஆகி, பிறகு பெண் ஆகி, தெய்வப் பெண்ணும் ஆனது. 1891-இல் வந்த மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பாட்டு தமிழையே ‘தமிழணங்கே’ என்று அழைக்கிறது. அதைப் பள்ளியில் தினமும் பாடி வளர்ந்தவர்களிடம் போய், அணங்கு என்றால் பேய்வீட்டில் உலவும் சக்தி என்று சொன்னால் முறைப்பார்கள்.

ஆங்கில ‘சூப்பர்நேச்சுரலுக்கு’ மீயியற்கை என்று ஓர் ஆக்கச்சொல் உண்டு. கட்டுரைக்குச் சரி, கதை சொல்ல உதவாது.

என் கணக்கு இப்படி. அமானுஷ்யக் கதை என்பது பேய்க்கதை, அவ்வளவுதான். படிக்கும்போது வரும் நடுக்கத்துக்குத் திகில் இருக்கிறது. தெலுங்கில் திகுலு, கன்னடத்தில் திகிலு என்று உறவுக்காரர்களும் உண்டு. அமானுஷ்ய ஆற்றல் என்பது பெருமைப் பொருளில் வந்தால் ‘மானுடம் கடந்த ஆற்றல்’ என்று எழுதிவிடலாம். ‘அந்த இடத்தில் ஏதோ அமானுஷ்யம்’ என்பதற்கு மட்டும் எழுத்துத் தமிழில் தேட வேண்டாம், பேச்சில் இருக்கிறது. ‘அங்க காத்து கருப்பு நடமாட்டம் உண்டு, உச்சி வேளைல போகாத’ என்பார்கள். ‘அந்தச் சாமி துடியான சாமி, பாத்து நடந்துக்க’ என்பார்கள். துடி என்றால் உடனே கேட்கும், உடனே அடிக்கும். அணங்கில் இருந்த அந்தப் பழைய மின்சாரம் துடியில் அப்படியே இருக்கிறது.

குமரி, நெல்லைப் பக்கம் இன்னொரு சொல்லும் உண்டு: வாதை. வில்லுப்பாட்டுகளில் அநியாயமாகச் செத்து, கோபத்தோடு திரும்பி வந்து, பூசை கேட்கும் தெய்வங்கள் வாதைகள். வடமொழி ‘பாதா’தான் வாதை ஆனது, பொருள் துன்பம், வருத்தம். கடன் வாங்கிய சொல்தான். ஆனால் கடன் வாங்கியவர்கள் அணங்கு என்ற சொல்லின் வேர்ப்பொருளைத் தெரிந்து வாங்கியதுபோல, ‘வருத்துவது’ என்பதையே வாங்கியிருக்கிறார்கள்.