பிதோங்: 'செயலற்ற குரல்' அல்ல, செயப்பாட்டு வினை

கொரிய ஆய்வுக்கட்டுரை நடையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'செயலற்ற குரல்' என்றே எழுதித் தள்ளுகிறார்கள். அவர்கள் சொல்ல வருவது பிதோங். அது சீன வழிச் சொல். 'பி' படுதல், 'தோங்' இயங்குதல். தமிழில் செயப்பாட்டு வினை.

குரல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தின் 'பாசிவ் வாய்ஸ்' (passive voice) என்பதிலிருந்து. கொரிய இலக்கணம் இந்த வகையைத் 'தே' என்கிறது. நிலை, தோற்றம் என்று பொருள். ஆங்கில இலக்கணம் கற்பிக்கும்போதுகூட கொரியர்கள் 'சுதோங்தே' (செயப்பாட்டு நிலை) என்பார்களே தவிர, குரலை இழுப்பதில்லை. 'செயலற்ற' என்பது இன்னும் பெரிய பிழை. 'திருடன் பிடிபட்டான்' என்பதில் செயல் இல்லையா? செயலுக்கு ஆட்பட்டவன் எழுவாயாகிறான், அவ்வளவே. கொரிய 'பி' நம் 'படு'வேதான். இவ்வளவு பொருந்தும் பெயர் பள்ளி இலக்கணத்திலேயே இருக்க, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து ஊனமான தொடரைப் படைப்பது மொழிபெயர்ப்பே அல்ல.

பெயரைத் திருத்தினால் மட்டும் போதாது. பிதோங் கண்ட இடமெல்லாம் 'படு' ஒட்டுவது அடுத்த கேடு. 'ஜாப்பிதா' பிடிபடு, ஆனால் 'போயிதா' காணப்படு அல்ல, தெரி. 'யொல்லிதா'வுக்குக் 'கதவு திறந்தது' போதும். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதைத் தொல்காப்பியமே வழக்கென்று ஏற்கிறது; உரையாசிரியர்கள் காட்டும் சான்று 'திண்ணை மெழுகிற்று'.

கட்டுரைகளில் உண்மையான சிக்கல் 'த்வேதா' ('ஆகு'; பெயர்ச்சொல்லோடு சேர்ந்து அதைச் செயப்பாட்டு வினையாக்கும் சொல்). தரவுகள் 'சேகரிக்கப்பட்டன' என்பது சரி. அது செய்த வேலை. ஆனால் முடிவுரையில் வரும் 'பாந்தான் த்வேந்தா'வைத் 'தீர்மானிக்கப்படுகிறது' என்கிறார்கள். 'இவ்வேறுபாடு மாதிரியின் அளவால் நேர்ந்ததெனத் தீர்மானிக்கப்படுகிறது' என்றால் ஏதோ குழு தீர்ப்பளித்தது போலிருக்கிறது. மூலத்தில் இருப்பது ஆசிரியரின் அடக்கமான கருத்து: 'நேர்ந்ததெனத் தோன்றுகிறது', அல்லது 'எனக் கருதலாம்'. முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். பாந்தான் (தீர்ப்பு), செங்காக் (எண்ணம்), சுஜொங் (ஊகம்) போன்ற மனத்தின் தொழிலென்றால் 'படு' கூடாது.

கொரியரிடமும் குறை உண்டு. 'போயிதா' போதும் இடத்தில் 'போயொஜிதா' என்று இரட்டைப் பிதோங் எழுதுகிறார்கள். அவர்களின் நடைக் கையேடுகளே அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. அதைத் தமிழாக்குபவர் இரண்டு 'படு'வை அடுக்க வேண்டியதில்லை. 'தெரிகிறது' போதும்.