தைலம்: எள் இல்லாத எள்நெய்

கொழும்பில் பனிக்காலம் என்பது பேருக்குத்தான். மார்கழி, தை விடியலில் வெப்பம் 22 பாகையை ஒட்டி இறங்கினாலே வெள்ளவத்தை வீடுகளில் சால்வை வெளியே வந்துவிடும். கூடவே தடிமனும் வரும். அலுமாரித் தட்டிலிருந்து ஒரு சின்னப் போத்தல் இறங்கும். அதற்குள் இருப்பது என்னவாக இருந்தாலும் நாம் அதற்கு வைத்த பெயர் தைலம்.

இது வடசொல். திலம் என்றால் எள். திலத்திலிருந்து வந்தது தைலம். நல்லெண்ணெய்க்கு மட்டும் உரிய பெயராக இருந்தது, பின்னர் எந்த வித்தை ஆட்டி எடுத்த எண்ணெய்க்கும் பொதுவாயிற்று. தமிழிலும் இதே கதைதான். எள்ளும் நெய்யும் புணர்ந்தது எண்ணெய். வெள்ளை நெய் வெண்ணெய் ஆன அதே விதி. நெய் என்பது பழைய தமிழில் பசுநெய்யை மட்டுமல்லாமல் பொதுவாகக் கொழுப்பையும் குறித்தது. ஆக, தேங்காய் எண்ணெய் என்று சொல்லும்போதெல்லாம் தேங்காயோடு எள்ளையும் சேர்த்தே சொல்கிறோம். மண்ணெண்ணெயில் எள் எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது.

அடுத்த வீட்டுச் சிங்களத்திலும் அப்படியே. தைலம் அங்கே 'தெல்' ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெய் 'பொல் தெல்', மண்ணெண்ணெய் 'பூமி தெல்', நல்லெண்ணெய் 'தல தெல்'. 'தல' என்பதும் எள் என்பதால் கடைசிப் பெயரில் எள் இரண்டு தடவை வருகிறது. மேற்கே போனால் ஆங்கில 'ஒயில்' ஒலிவ மரத்திலிருந்து வந்தது. கைக்கு அருகில் எந்த வித்து விளைந்ததோ அதன் பெயரையே உலகத்து எண்ணெய்க்கெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

ஆயுர்வேத நூல்கள் தைலத்தைக் காய்ச்சும் முறையைத் துல்லியமாகச் சொல்கின்றன. அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு, சாறோ கசாயமோ பதினாறு. நீர் முழுக்க வற்றும்வரை மெல்லிய தீயில் காய்ச்ச வேண்டும். அடியில் தங்கும் விழுதை விரலில் உருட்டிப் பார்த்து மெழுகுபதம், மணல்பதம் என்று வைத்தியர்கள் இறக்குவார்கள். விழுதைத் தீயில் காட்டும்போது சடசடவென்று பொரிந்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். எண்ணெய் எள்ளாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கூந்தலுக்கான நீலிபிருங்காதியைத் தேங்காய் எண்ணெயிலும் காய்ச்சுகிறார்கள். அவுரியும் கரிசலாங்கண்ணியும் எதில் காய்ந்தாலும் பெயர் தைலம்தான்.

இந்தச் சொல் பரவியதில் வைத்தியருக்கு இருக்கும் பங்கு தபாற்காரருக்கும் உண்டு என்பது என் கணிப்பு. வி.பி.பி. (Value Payable Post) என்று ஒரு முறை இருந்ததே, மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். காசை முன்கூட்டி அனுப்பத் தேவையில்லை. ஒரு தபாலட்டையில் பொருளின் பெயரை எழுதிப் போட்டால் பொதி ஊர்த் தபாற்கந்தோருக்கு வரும். விலையைக் கட்டி வாங்க வேண்டும். அந்தக் காசு மணியோடராக விற்றவருக்குப் போய்ச் சேரும். வாசலில் வைத்துக் காசு வாங்கும் இன்றைய இணையக் கடைகள் அதைத்தான் வேறு பெயரில் செய்கின்றன. தமிழில் விலைகட்டித் தபால் என்றால் போதும்.

தபாலில் எது போகும்? கெடாதது மட்டும். மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணி ஒரு நாளைக்கு மேல் தாங்காது. ஆவி பிடிப்பதைப் பொதி செய்ய முடியாது. எண்ணெயும் பொடியும் இளகிய மருந்தும் மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தானோ என்னவோ, அடுப்படியில் நின்றுவிட்ட வைத்தியத்துக்குக் குடிநீர், வேது (ஆவி பிடித்தல்), பற்று என்று தமிழ்ப் பெயர்கள் நிலைத்தன; லேபல் ஒட்டி விலைக்கு வந்தவை தைலம், சூரணம், லேகியம் என்று வடமொழிச் சட்டை போட்டுக்கொண்டன. புறக்கோட்டை கபோஸ் லேன் சரக்குக் கடைகளில் இன்றைக்கும் இரண்டு வகைப் பெயர்களும் ஒரே மேசையில் புழங்கும்.

பிறகு வந்தவை தைலமே இல்லை. 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனம் ஒரு களிம்பு. அஞ்சனம் என்றால் பூசுவது. தமிழில் அது கண்மைக்கே உரிய பெயராகிவிட்டது, தப்பித்தவறியும் இதைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள். நம் நாட்டுச் சித்தாலேபவில் உள்ள ஆலேபமும் பூச்சுத்தான். சிங்கப்பூரிலிருந்து வரும் கோடாலித் தைலம் திரவமாக இருந்தாலும், அதன் வேலையைச் செய்வது மெந்தோலும் கற்பூரமும் யூகலிப்டஸும். எள்ளுக்கு அதில் பங்கில்லை. யூகலிப்டஸ் எண்ணெயோ இலையிலிருந்து வடித்தெடுப்பது, செக்கைக் கண்டதே கிடையாது.

சரியான தமிழ் என்ன? மூலிகை போட்டுக் காய்ச்சியதற்கு மருந்தெண்ணெய் என்பது பொருந்தும். அதைவிட எனக்குப் பிடித்தது யாழ்ப்பாணத்தார் சொல்லும் நோவெண்ணெய். நோவுக்கு எண்ணெய், விளக்கமே வேண்டாம், போத்தலில் அடைத்து விற்றபோதும் பெயர் மாறவில்லை. அந்த வழியில் தலைக்கு வைப்பதைக் கூந்தலெண்ணெய் எனலாம். டப்பாவில் வரும் குழைவானதற்குக் களிம்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வடித்தெடுத்ததை வடியெண்ணெய் என்று எழுதிப் பார்க்கலாம், புழக்கத்தில் நிற்குமா என்பது வேறு. கோடாலித் தைலத்தை மட்டும் விட்டுவிடுவோம். அதைக் கோடாலி எண்ணெய் என்று கேட்டால் பாமசிக்காரர் உங்களை இரும்புக்கடைக்கு அனுப்பிவிடுவார்.

பெயர் எதுவானாலும், கற்பூரமும் மெந்தோலும் சேர்ந்த எதையும் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பூசக் கூடாது. உள்ளுக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாது.