வலி எடுத்துவிட்டதா, சூட்டுவலிதானா?

என் தங்கைக்கு அப்போது கர்ப்பத்தின் 38ஆவது வாரம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "வயிறு கல்லு மாதிரி இறுகுது" என்றாள். நான் வண்டிச் சாவியைத் தேட, அம்மாவோ நிதானமாக அடுப்பைப் பற்றவைத்து, சீரகத்தை வறுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டார். "குடிச்சிட்டு ஒருக்களிச்சுப் படு. சூட்டுவலின்னா அடங்கிடும்." அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

சீரகத்துக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். உடலில் நீர் குறைந்தாலே கருப்பை அடிக்கடி இறுகும், வெறும் தண்ணீர் குடித்திருந்தாலும் அடங்கியிருக்கும். ஆனால் அம்மாவின் சோதனையில் இருக்கும் தர்க்கம் சரியானது: சூட்டுவலி என்கிற பொய்வலி தண்ணீருக்கும் ஓய்வுக்கும் அடங்கும், பிரசவ வலி எதற்கும் அடங்காது.

ஏன் அப்படி? கருப்பை மாதக்கணக்காகவே அவ்வப்போது இறுகித் தளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1872இல் இதை விவரித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸின் பெயரில்தான் மருத்துவர்கள் இதை இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கட்டத்தில் தசைச் செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்வதில்லை. தேர் வடத்தை அங்கே நாலு பேர் இங்கே நாலு பேர் இழுத்தால் தேர் நகருமா, அந்த மாதிரி. நாள் நெருங்கும்போது செல்களுக்கு இடையே மின் தூண்டல் பாய்வதற்கான நுண்ணிய வாசல்கள் பெருகுகின்றன, கருப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோனை ஏற்கும் ஏற்பிகளும் கூடுகின்றன. இப்போது ஒரே குரலில் மொத்த வடமும் இழுபடும். குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்த, அந்தச் சேதி நரம்பு வழியே மூளைக்குப் போக, மூளை இன்னும் ஆக்ஸிடோசினைச் சுரக்க, வலி கூட, தலை மேலும் அழுத்த... இந்தச் சுழல் பிள்ளை பிறக்கும்வரை நிற்காது.

அதனால் எவ்வளவு வலிக்கிறது என்பதைவிடக் கடிகாரம்தான் முக்கியம். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும்வரை எண்ணுங்கள் (பலர் முடிந்ததிலிருந்து எண்ணிக் குழம்புகிறார்கள்). இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாக இப்படியே இருந்தால் தலைப்பிரசவக்காரர்கள் கிளம்பலாம். இரண்டாவது பிள்ளை என்றாலோ ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், இளஞ்சிவப்பாகக் கொழகொழவென்று ஒரு சளி படும். கர்ப்பப்பை வாயை அடைத்திருந்தது கழன்று வருகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வலி வரச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். வயிறு இறங்கி மூச்சு விடச் சுலபமாவதும் அப்படித்தான், தேதி சொல்லாது.

பனிக்குடம் சினிமாவில் வருவதுபோல் எல்லாருக்கும் கொட்டுவதில்லை. சிலருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும், சிறுநீர் என்று நினைத்துவிடுவார்கள். ஒரு நாப்கின் வைத்துப் பாருங்கள்: அடக்க முடியாமல் கசிந்துகொண்டே இருந்து, சிறுநீர் வாடையும் இல்லையென்றால் பனிக்குட நீராக இருக்கலாம். வலி இல்லாவிட்டாலும் போய்விடுங்கள், கிருமித் தொற்றுக்கு வழி திறந்துவிட்டது. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள்.

மாதவிலக்கு மாதிரி சிவப்பாக ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, 37 வாரம் முடியும் முன்பே இந்த அறிகுறிகள் தெரிந்தாலோ கஷாயமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். தமிழ்நாட்டில் என்றால் 108க்குப் போன் போடுங்கள்.

தங்கைக்கு ஒன்பது நாள் கழித்து, ஒரு மத்தியானத்தில் வலி கண்டது. அன்றும் அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். அவள் பாதி குடிப்பதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. மீதி டம்ளர் நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்வரை ஜன்னல் திண்டிலேயே இருந்தது.