அபூர்வ கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லியாக வேண்டியவை

பழைய கார்களைச் சீர்செய்வது என் தொழில். பட்டறைக்குள் ஓர் அபூர்வமான வண்டி நுழைந்தால் எல்லோரும் பெயிண்டைப் பார்ப்பார்கள், இருக்கையைத் தடவுவார்கள், எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி வேறு. இதில் கடைசியாகக் கை வைத்தது யார், என்ன ஊற்றினார், எதைக் கழற்றினார்? இந்த மாதிரி வண்டிகளை வயது கெடுப்பதைவிட, யாரோ நல்ல எண்ணத்தோடு செய்த வழக்கமான வேலை கெடுப்பதுதான் அதிகம். செய்தவர் கெட்டிக்காரராகவே இருப்பார். வேறு எந்தக் காரிலும் சரியாக இருக்கக்கூடிய ஒன்றைத்தான் செய்திருப்பார். அந்த ஒரு காரில் மட்டும் அது தப்பு.

தெருவில் லட்சக்கணக்கில் ஓடும் கார் என்றால் அதன் குணம் எல்லா மெக்கானிக்குக்கும் அத்துப்படி. சில ஆயிரம் மட்டுமே மிஞ்சியிருக்கும் காரின் குணம், அதை வைத்திருப்பவருக்கே தெரியாவிட்டால் பட்டறையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சிட்ரோயன் டி.எஸ். காரிலிருந்து தொடங்குகிறேன். இப்படிக் கெட்டுப்போய் என்னிடம் வந்தவற்றில் இதற்குத்தான் முதலிடம். 1955-ல் பாரிஸ் கார் கண்காட்சியில் இது அறிமுகமானபோது கூட்டம் வாய் பிளந்து நின்றது. இரும்பு ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதிலாக நைட்ரஜன் வாயு அடைத்த கோளங்கள்; வண்டியின் எடையைத் தாங்குவது உயர் அழுத்தத்தில் ஓடும் எண்ணெய். பிரேக், ஸ்டியரிங், பல மாடல்களில் கிளட்ச், கியர் என எல்லாவற்றையும் அதே எண்ணெய்தான் இயக்குகிறது. ஆரம்ப கால வண்டிகளில் ஓடியது சிவப்பு எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், குழாய்களை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அதனால் 1966-ன் பிற்பகுதியில் கம்பெனி பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது. எண்ணெய் மாறியதும், கசிவைத் தடுக்கும் சீல்களின் ரப்பரும் மாறியது. சிவப்பு எண்ணெய்க்கான ரப்பர் பச்சை எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும். பச்சை எண்ணெய் ஓடும் வண்டியில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினாலும் அதே கதிதான்.

இப்போது இந்தக் காரை முன்பின் பார்த்திராத ஒருவர் போனட்டைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குறைவாக இருக்கிறது, கையில் பிரேக் ஆயில் டப்பா இருக்கிறது, ஊற்றிவிடுகிறார். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில வாரங்களில் ஒவ்வோர் இணைப்பாகக் கசியத் தொடங்கும். அப்புறம் பம்ப்பு முதல் பின்சக்கரச் சிலிண்டர் வரை மொத்தத்தையும் பிரித்துக் கழுவி, எல்லாச் சீலையும் மாற்ற வேண்டும். அப்படி வந்த ஒரு வண்டியின் சொந்தக்காரர் கடைசிவரை அதை நம்பவே இல்லை. “ஆயில்தானே ஊற்றினார்கள்?” என்பதுதான் அவருடைய கேள்வி.

இதே காரில் உயிருக்கே ஆபத்தான விஷயம் இன்னொன்று இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு ஒரு நெம்புகோலைத் தள்ளினால் வண்டி தானாகவே எழுந்து நிற்கும். அடியில் புகுந்து வேலை பார்க்கத் தோதான உயரம். அதை நம்பிப் புகாதீர்கள். ஒரு குழாய் இணைப்பைத் தளர்த்தினால் போதும், அழுத்தம் போய் வண்டி அப்படியே தரைக்கு இறங்கிவிடும். உடல் கூட்டுக்கு அடியில், அதற்கென்று உள்ள இடங்களில் உறுதியான ஸ்டாண்ட் வைக்காமல் கையைக்கூட நீட்டக் கூடாது. கண்டிப்பாகச் சொல்கிறேன், இதில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே கிடையாது.

சக்கர நட்டுக்கு வருவோம். எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். 1960-களின் இறுதிவரை வந்த கிறைஸ்லர், டாட்ஜ், பிளைமவுத் கார்கள் பலவற்றில் இடதுபக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. வழக்கமான திசையில் திருப்பத் திருப்ப அது இறுகும். அசையவில்லையே என்று நீளமான குழாயைச் செருகி ஏறி நின்றால் போல்ட்டு முறிந்துவிடும். போல்ட்டின் முனையில் ஆங்கில ‘எல்’ எழுத்து பொறித்திருக்கும். துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

கம்பிச் சக்கரம் பூட்டிய பழைய எம்.ஜி., ஜாகுவார் கார்களில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான். அங்கே ஏற்பாடு நேர்மாறு: வலதுபக்கத்துக்குத்தான் இடது மரை. வண்டி ஓட ஓட நட்டு தானே இறுகுவதற்காக அப்படி. முழுதாகப் பிரித்துப் பூட்டும்போது யாராவது சக்கரம் உட்காரும் இடது, வலது ஹப்களை மாற்றிப் பூட்டிவிட்டால், ஓட ஓட நட்டு தளர்ந்து சக்கரம் கழன்று ஓடும். ஆகவே புதிதாகச் சீர்செய்த வண்டி என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், நான் முதலில் மரையின் திசையைத்தான் பார்ப்பேன்.

டயர் காற்று விஷயம் செவ்ரோலெ கோர்வேரில் வேறு மாதிரி. எஞ்சின் பின்பக்கம், எடையில் பெரும்பகுதி பின்னால். 1960 முதல் 1963 வரை வந்த வண்டிகளுக்குக் கம்பெனி சொன்ன அளவு முன்னால் 15 பி.எஸ்.ஐ., பின்னால் 26. காற்றடிக்கும் இடத்தில் அளவியைப் பார்ப்பவர், முன்னால் காற்றே இல்லையே என்று நாலுக்கும் ஒரே மாதிரி அடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பக்கம் வெளியே வீசும். அந்த வண்டியின் பின் சக்கரங்கள் அமைந்த விதமும் சேர்ந்து, வண்டி கைக்கு அடங்காமல் போகும். கோர்வேருக்குக் கிடைத்த கெட்ட பெயருக்கு அந்த அமைப்புதான் முதல் காரணம். இந்தக் காற்றழுத்தக் குளறுபடிக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கருத்து.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த பழைய சாப் 96-ல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடிப்பு தானாகவே விடுபட்டுவிடும். பெட்ரோலோடு சேர்ந்துதான் எஞ்சினுக்கு ஆயிலே வருகிறது. இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சுழலவிட்டால் ஆயில் இல்லாமல் அது காய்ந்துபோகும். அதற்காகச் செய்த ஏற்பாடு இது. விளைவு என்னவென்றால், மலை இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தாது, முழுச் சுமையும் பிரேக்குக்குத்தான். இது தெரியாமல் முதல்முறை மலைப்பாதையில் இறங்குபவர் பயந்துபோவார். பின்னால் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் வந்த மாடலிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது.

டிராபன்ட் 601-ல் பெட்ரோல் டேங்க் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது, பம்ப்பு இல்லை, பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும். நிறுத்தியதும் பெட்ரோல் குழாயின் திருகை மூட வேண்டும். மூடாமல் விட்டு, பெட்ரோல் வரத்தை அடைக்கும் கார்புரேட்டர் ஊசியும் தேய்ந்திருந்தால், விடியும்போது எஞ்சினுக்குள் பெட்ரோல் நிற்கும். வெளித்தகடு துருப்பிடிக்காது, ஏனென்றால் அது பருத்திக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்தது. அதைப் பார்த்து ‘துருவே இல்லை’ என்று வாங்கிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கூடு இரும்புதான்.

இந்தத் தகடு ஏமாற்று பல வண்டிகளில் உண்டு. லோட்டஸ் எலானின் மேற்கூடு கண்ணாடியிழை, முதுகெலும்பு இரும்பு. டெலோரியனுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, அதன்மேல் பெயிண்டே கிடையாது. ஆனால் அடியில் உள்ள சேஸி எபாக்ஸி பிசின் பூசிய சாதாரண இரும்பு. அந்தப் பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் தண்ணீர் உள்ளே போய், பூச்சு பளபளவென்று நிற்க, அடியில் இரும்பு உதிரும். சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள், சத்தம் மாறும் இடத்தில் நின்றுவிடுங்கள். இன்னொன்று, டெலோரியனின் தகடு நசுங்கினால் பட்டி போட்டு மறைக்க முடியாது. சாதாரண இரும்புக் கம்பளியால் தேய்த்தால் அதன் துகள் ஒட்டிக்கொண்டு, துருப்பிடிக்காத தகட்டிலேயே துருப்புள்ளி வரும்.

என்.எஸ்.யு. ரோ 80 பற்றி வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. 1967-ல் வந்த வண்டியை இன்று பார்த்தாலும் பழசு என்று சொல்ல மனம் வராது. 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் அதற்குத்தான். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவச் சுழலி உள்ள வாங்கெல் எஞ்சின். அந்த முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் ஆரம்ப வண்டிகளில் சீக்கிரமே தேய்ந்தன. உத்தரவாதத்தில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி தளர்ந்து, 1969-ல் ஆட்டோ யூனியனோடு (இன்றைய ஆடி கார் கம்பெனி) இணைந்தது. வெறுத்துப்போன சொந்தக்காரர்கள் பலர் அந்த வாங்கெல் எஞ்சினைத் தூக்கிவிட்டு ஃபோர்டின் வி4 எஞ்சினைப் பூட்டினார்கள். வாங்குபவர் அதனால் முதலில் போனட்டைத் திறந்து எந்த எஞ்சின் என்று பார்க்க வேண்டும். ஓட்டுபவருக்கு இன்னொரு விஷயம்: கிளட்ச் மிதி இல்லை. கியர் குமிழைத் தொட்டாலே கிளட்ச் விடுபடும். கியர்மேல் கையை வைத்தபடி ஓட்டும் பழக்கமுள்ளவர்கள் இந்தக் காரில் அந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். வாங்கெல் எஞ்சின் கொஞ்சம் ஆயிலை எரிக்கும், அது கோளாறு அல்ல. அளவைப் பார்க்காமல் விடுவதுதான் கோளாறு.

மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., அதாவது கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் அந்த 1,400 வண்டிகள், எல்லோருடைய கனவும்தான். அதிலும் ஒரு குணம் உண்டு. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகும் எஞ்சின் நின்று ஓயும்வரை எரிபொருள் பம்ப்பு சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். அது ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும்; நீண்ட தூரம் ஓடிச் சூடேறினால்தான் ஆவியாகும். குறைந்த தூரமே ஓட்டுபவர்கள் ‘ஓட்டவே இல்லையே, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும்?’ என்கிறார்கள். ஓட்டாததனால்தான் மாற்ற வேண்டும்.

குட்டிக் கார்களைப் பற்றி இரண்டே வரி. பி.எம்.டபிள்யூ. இசெட்டாவுக்கு ஒரே கதவு, அதுவும் மூஞ்சியில்; சுவரை ஒட்டி நிறுத்தினால் கூரைத் திறப்பு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மெசர்ஷ்மிட் கே.ஆர். 200-ல் பின்னால் போக, எஞ்சினை நிறுத்திவிட்டு எதிர்த்திசையில் சுழலும்படி மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும், அப்போது நாலு கியரும் பின்னோக்கி வேலை செய்யும் என்பதால் எஞ்சின் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல் கிளட்சை விடாதீர்கள்.

தண்ணீரிலும் போகும் ஆம்ஃபிகாரை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஏரியில் இறக்கிய ஒவ்வொரு முறையும் கிரீஸ் அடிக்க வேண்டும். பின்சீட்டைத் தூக்கினால்தான் எட்டும் இடமும் அதில் உண்டு, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இறங்குவதற்கு முன் வடிகால் அடைப்பான் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

சரி, எந்தக் காருக்கும் பொருந்துபவை சில. பழைய பிரேக் கட்டைகளிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து மூடிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை விரிசல் விடச் செய்யும். நிறுத்தி வைத்த பழைய கார் தீப்பிடிக்க இது ஒரு பெரிய காரணம். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், வண்டிக்குள் தீயணைப்பான் வையுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியில் நாலு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்றே இலக்கம் என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்பவருக்கு அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இவ்வளவையும் யார் நினைவில் வைத்திருப்பது? யாரும் வேண்டாம். ஓர் அட்டையில் எழுதி போனட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள்: என்ன ஆயில், பிரேக்குக்கு என்ன, முன்பின் டயர் அழுத்தம், பேட்டரியின் எந்த முனை உடலோடு, சக்கர நட்டு எந்தத் திசை, ஜாக் எங்கே வைக்க வேண்டும், இழுத்துப் போகும்போது எங்கே கட்ட வேண்டும். வண்டியைக் கொடுக்கும்போது சாவியோடு சேர்த்து அந்த அட்டையைக் காட்டுங்கள். சில மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்காது, எனக்கே வேலை சொல்லிக்கொடுக்கிறாயா என்ற முகம் காட்டுவார்கள். அப்படிப்பட்டவரிடம் வண்டியை விடாதீர்கள்.

விற்கும்போது அட்டையோடு கம்பெனி கொடுத்த பழைய கையேட்டையும், கழற்றி மாற்றிய தேய்ந்த பாகங்களையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். குப்பை என்று தோன்றும். ஆனால் கடையில் கிடைக்காத ஒரு பாகத்தைக் கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்லும்போது, அளவெடுக்க அந்தத் தேய்ந்த பாகம்தான் கேட்பார்கள்.