கொரேக்ராஃபி: ஆடலமைப்பு

ஊர் ஊராகச் செல்லும் தற்கால நடனக் குழு போர்ட் லூயிக்கு வரும்போது, சுவரொட்டியில் ஒருவர் பெயருக்கு மேலே 'கொரேக்ராஃபி' என்று இருக்கும். மொரீஷியசில் பிரெஞ்சு ஒலிப்பிலேயே பழகிய சொல் இது. தமிழ்நாட்டில் ஆங்கில வழியாகக் 'கொரியோகிராஃபி' என்பார்கள். வேர் இரண்டுக்கும் கிரேக்கம்தான்: 'கொரேயா' என்பது குழுவாக ஆடும் ஆடல், 'கிராஃபி' என்பது எழுதுதல்.

முதலில் இதன் பொருள் உண்மையிலேயே எழுத்துதான். 1700இல் பாரிசில் நடன ஆசிரியர் ஃபெய்யே வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இச்சொல் இருந்தது. அதில் தாளே மேடைத் தரை. ஆடுபவர் நகரும் தடம் ஒரு கோடு; அதன் மேல் கால்வைப்புக் குறிகள்; தடத்தைக் குறுக்கே வெட்டும் சிறு கோடுகள் தாளின் மேற்பகுதியில் எழுதிய இசையின் தாளப் பகுப்போடு ஒத்துப்போகும். காலப்போக்கில் பொருள் நகர்ந்து, ஆடலைக் கட்டி அமைக்கும் கலைக்கே பெயராயிற்று. எழுத்துமுறைக்கு இன்று வேறு பெயர்கள் உண்டு. 1928இல் வெளியான லாபான் குறியீடு அவற்றுள் ஒன்று.

ஆகவே வேரைப் பார்த்து 'நடன வரைவு' என்று பெயர்த்தால் தவறாகும். அச்சொல்லைக் குறியீட்டு எழுத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 'நட்டுவாங்கம்' இதைவிடப் பெரிய குழப்பம் தரும்: தாளக்கட்டையோ கைத்தாளமோ தட்டி, சொற்கட்டு சொல்லி ஆடலை நடத்துவது அது. மொரீஷியசின் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பரதம் பயில்வோர் இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டார்கள். திரைப்பட வழக்கான 'நடன இயக்குநர்' நாடக இயக்குநரின் வேலையோடு மயங்கும். பக்கத்து ரீயூனியன் தீவில் 'பால் தாமூல்' என்னும் நம் பழைய கூத்தை நடத்துபவரை 'வார்தியால்' என்கிறார்கள். நம் வாத்தியார்தான்! அது ஆளுக்கான பெயர். கலைக்கு வேறு பெயர் வேண்டும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசானின் தகுதிகள் வருகின்றன. 'பலவகைக் கூத்தும் விலக்கினிற் புணர்த்து' என்ற அடியில் 'புணர்த்து' என்பது நாம் தேடும் வினையேதான்: உறுப்புகளை இணைத்துக் கட்டுவது. 'எழிற்கையும் தொழிற்கையும்' என்று கைகளையும் அங்கே பிரித்திருக்கிறார்கள். எழிற்கை அழகு பெறக் காட்டும் கை, தொழிற்கை ஒரு செயலைக் காட்டும் கை. அழகையே பொருளாகக் கொண்ட இன்றைய படைப்பைப் பற்றிப் பேச 'எழிற்கை'யைவிடப் பொருத்தமான கலைச்சொல் கிடைப்பது அரிது. 'புணர்ப்பு' இன்று வேறு பொருளில் ஒலிப்பதால், வழக்குக்கு 'ஆடலமைப்பு' நல்லது. செய்பவர் ஆடலமைப்பாளர்.

'அமைப்பு' என்ற சொல்லின் பொருத்தம் சுற்றுப்பயணத்தில் தெரியும். 12 மீட்டர் அகல மேடைக்குக் கட்டிய ஆடல் 8 மீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமும் உள்ள மண்டபத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இசை பதிவானது, தாள எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. எட்டுக் காலடிகளில் மேடையைக் கடக்கும் தொடரில் காலடிகளை மட்டும் குறுக்கினால் தாவலின் உயரம் போய்விடும். குறுக்காமல் ஆடினால் பக்கவாட்டு விளக்குத் தூணில் மோத நேரும். தடத்தை மூலைவிட்டமாக மாற்றினால் 10 மீட்டர் கிடைக்கும். மேடையின் நடுவிலும் நான்கில் ஒரு பங்கு தூரங்களிலும் நாடா ஒட்டி, விளக்கு ஒத்திகைக்கு முன்பே அந்த இடங்களில் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். வினைல் விரிப்பின் பொருத்துகளில் இடைவெளி இருந்தால் வெறுங்கால் சிக்கும். அடியில் வெறும் சிமெண்டுத் தரை என்றால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும், அப்போது தாவல்களைக் குறைத்தே ஆக வேண்டும்.

இப்படி இடத்துக்கேற்ப மாற்றுவது 'மறு அமைப்பு'. 'கொரேக்ராஃப் செய்தார்' என்பதற்கு 'ஆடலை அமைத்தார்' போதும். சுவரொட்டியில் 'ஆடலமைப்பு' என்று போட்டு அடியில் பெயரை எழுதலாம்.